மொழிகள் பழகும்போது சொற்கள் மட்டும்தான் கைமாறுமா, இலக்கணமும் மாறுமா?

இலக்கணமும் மாறும், ஆனால் நாள் பிடிக்கும். சொல்லைக் கடன் வாங்கக் கொஞ்சம் பழக்கம் போதும். இலக்கணம் மாற, ஒரே வாயில் இரண்டு மொழி தலைமுறைக் கணக்கில் புழங்க வேண்டும்.

இலங்கை மலாயைப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டு முதல், இன்றைய இந்தோனேசியப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் மொழி அது. வழக்கமான மலாயில் 'வீட்டுக்கு' என்பது 'கெ ருமா'. அதாவது 'க்கு' முன்னால், 'வீடு' பின்னால். தமிழோடும் சிங்களத்தோடும் பழகிப்பழகி இலங்கையில் அது 'ருமா நங்' ஆகிவிட்டது, அப்படியே நம் வரிசை! நடுவில் நின்ற வினையும் வாக்கியக் கடைசிக்கு நகர்ந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சொற்கள் பெரும்பாலும் மலாய்தான். அடுக்குகிற முறைதான் வேறு.