பள்ளிக்குள் நன்னடத்தை அலுவலர்

கேள்வி: அமெரிக்காவில் சில பள்ளிகளில், நீதிமன்றத்தைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் பள்ளியிலேயே அறை ஒதுக்கப்பெற்றுப் பணிபுரிகிறாராமே? பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளைத் திருத்த ஆசிரியர்கள் போதாதா?

பதில்: அவருடைய பொறுப்பில் இருப்பவர்கள் பள்ளியின் எல்லா மாணவர்களும் அல்லர். ஏதேனும் ஒரு குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, காப்பகத்துக்கு அனுப்பப்படாமல், சில நிபந்தனைகளுடன் பெற்றோரிடமே விடப்பட்ட பிள்ளைகள்தாம் முதன்மையாக அவருடைய கண்காணிப்பில் இருக்கிறார்கள். ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்வது அந்த நிபந்தனைகளில் பெரும்பாலும் இடம்பெறும்.

இக்கண்காணிப்பு முறை 1841-இல் பாஸ்டன் நகரில், ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளர், தண்டனை பெறவிருந்த குடிகாரர் ஒருவரைத் தம் பொறுப்பில் அழைத்துச் சென்றதில் தொடங்கியது. 1899-இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தபோது நன்னடத்தை அலுவலர் அதன் முக்கிய அங்கமானார். அதன் பிறகும் பல்லாண்டுகள் அவர் இடம் நீதிமன்ற அலுவலகமாகவே இருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை மாவட்டத்தில் 1990-இல் அவரைப் பள்ளிக்குள் அமர்த்தினார்கள். பின்னர் அம்மாநிலத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது.

அலுவலகத்தில் இருப்பவர் மாதத்துக்கு ஓரிரு முறை பையனை வரவழைத்து, ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாயா என்று கேட்பார், அவனும் தலையாட்டுவான், வருகைப் பதிவேட்டின் விவரம் கைக்கு வந்து சேர்வதற்குள் பல வாரப் பாடங்கள் போயிருக்கும். பள்ளியிலேயே இருப்பவருக்கோ, அவன் வரவில்லை என்பது முதல் பாடவேளையிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். தேவையானால் நேரில் போகிறார். வேலைக்குச் சென்ற தாய்க்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டானா, வகுப்பில் வாசிக்கச் சொன்னால் மானம் போகும் என்று ஒளிந்துகொண்டானா, வழியில் அடிக்கக் காத்திருக்கும் கும்பலுக்கு அஞ்சினானா என்பது அப்போதுதான் வெளிப்படும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. மூன்றையும் சோம்பல் என்று எழுதி முடித்துவிடுவது பதிவேட்டுக்கு எளிது. ஆசிரியருக்கும் இது தெரியும்தான். ஆனால் அத்தனை வகுப்புகளையும் கவனிக்க வேண்டியவருக்கு ஒருவனுடைய வீட்டுக் கதவைத் தட்ட நேரமேது?

வருகையைச் சரிசெய்துவிட்டாலே குற்றம் குறைந்துவிடும் என்றும் நம்பிவிட வேண்டாம். பள்ளி நாள்களில் சிறாரின் வன்முறைக் குற்றங்கள் உச்சத்தைத் தொடுவது, பள்ளி விட்டதும் வரும் பிற்பகல் வேளையில்தான் என்பதை அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் நெடுங்காலமாகக் காட்டுகின்றன. ஆகவே தேர்ந்த அலுவலர், மணி அடித்த பிறகு பையன் எங்கே போகிறான் என்று விசாரிப்பதையும், விளையாட்டுக் குழுவிலோ பகுதிநேர வேலையிலோ அவனைச் சேர்த்துவிடுவதையும் தம் கடமையாகவே கருதுவார்.

கேள்வி: பள்ளிக்கு வராதது அங்கே குற்றமா?

பதில்: பெரியவர்களுக்குப் பொருந்தாத, வயதின் காரணமாக மட்டுமே சட்டமீறலாகும் செயல்களில் அதுவும் ஒன்று. இத்தகைய மீறல்களுக்காகப் பிள்ளைகளைப் பூட்டிவைக்கக் கூடாது என்பதை, மாநிலங்கள் நிதியுதவி பெறுவதற்கான நிபந்தனையாக 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் விதித்தது. ஆனால் நீதிபதியின் ஆணையை மீறியவர்களைப் பூட்டிவைக்கலாம் என்ற விலக்கு 1980-இல் வந்து சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் 2015 வரை, மட்டம் போட்ட மாணவருக்கு 500 டாலர் வரை அபராதம் விதிக்க முடிந்தது. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளையை அபராதம் எப்படி வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பும் என்று எண்ணினார்களோ!

பள்ளிக்குள் அலுவலர் இருப்பதிலும் இதே ஆபத்து உண்டு. வகுப்பில் தகாத சொல் ஒன்றைச் சொன்ன சாதாரண மாணவன் தலைமையாசிரியரின் கண்டிப்போடு தப்பிவிடுவான். கண்காணிப்பில் உள்ளவனுக்கோ அதுவே நிபந்தனை மீறலாகி, மீண்டும் நீதிபதியின் முன் நிற்க வைக்கும். ஆகவே எந்தெந்தத் தவறுகள் பள்ளியோடு முடிய வேண்டும், எவை அலுவலரிடம் போகலாம் என்று பள்ளியும் நீதிமன்றமும் முன்கூட்டியே எழுத்து வடிவில் உடன்பட்டிருக்க வேண்டும். அந்த உடன்பாடு இல்லாத பள்ளியில் இவரை அமர்த்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.