“நாலு நாளா சோறு போடலை”

ஐயா, வணக்கம்.

திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். என் மாமியாருக்கு 74 வயது. ஒன்றரை வருஷமாக மறதி. சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம் ஆகியிருக்காது, வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் “நாலு நாளா எனக்குச் சோறு போடலை, வளையலையும் மருமக எடுத்துக்கிட்டா” என்கிறார். போன ஞாயிறு கோவையில் இருந்து நாத்தனார் வந்து இரண்டு மணி நேரம் இருந்தார். அவரிடம் அத்தை அவ்வளவு தெளிவாகப் பேசினார். “அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீங்க ஏன் நோயாளி ஆக்குறீங்க” என்று கேட்டுவிட்டு நாத்தனார் போய்விட்டார். பக்கத்து டாக்டரும் வயசுதான் என்கிறார். அன்று ராத்திரி அத்தையிடம் கத்திவிட்டேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. நான் கெட்டவளா?

ஒரு மருமகள்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதே பேச்சை எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அப்பா மளிகை மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். தனக்குச் சாப்பாடே தருவதில்லை என்று அவர் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தபோது, அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல், ரசம் காய்ந்து ஓரத்தில் முருங்கைக்காய்ச் சக்கை கிடக்க அப்படியே எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். அப்பா குனிந்து பார்த்தார். “யாரு சாப்பிட்டா? எனக்கு வைக்காமலேயா?” என்றார். குரலில் அத்தனை வருத்தம். அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை.

அல்சைமர் என்கிற மறதி நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது, புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற மூளைப் பகுதிதான். பழைய நினைவுகள் ரொம்ப நாள் நிற்கும். உங்கள் அத்தைக்குச் சாப்பிட்டது பதியவே இல்லை. வளையலும் அப்படித்தான், பத்திரமாக இருக்கட்டும் என்று தானே எங்கோ வைத்திருப்பார், வைத்தது பதிந்திருக்காது, தேடினால் காணோம், அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும், வீட்டில் எந்நேரமும் கூட இருப்பது யார்? நீங்கள். கூடவே இருந்து பார்ப்பவர் மேல்தான் இந்தப் பழி விழும். கோவையில் இருக்கிற மகள் மேல் விழாது.

நாத்தனார் பார்த்ததும் பொய்யில்லை. “வாம்மா, பிள்ளைங்க நல்லா இருக்கா, காப்பி குடிக்கிறியா” என்று விசாரிப்பது ஐம்பது வருஷப் பழக்கம், அதற்குப் புது ஞாபகம் தேவையில்லை. இரண்டு மணி நேரம் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் ஆனதும் களைத்துப்போவார்கள், குழப்பம் இரண்டு பங்காகத் திரும்புவது உங்களிடம்தான்.

‘வயசுதான்’ என்று அனுப்பிவிடுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. யாழ்ப்பாணத்தில் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள், நாம் புத்தி பேதலித்துவிட்டது என்கிறோம், இரண்டிலும் நோய் என்ற எண்ணமே இல்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் துறைக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கசிந்து தங்கிய ரத்தம், இவற்றாலும் மறதி வரும், இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அல்சைமர் என்றால் மாத்திரை குணமாக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். இன்னொன்று, ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கும், உடனே காட்டுங்கள்.

தெருவுக்குச் சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒரு வருஷம் மறைத்தோம், அந்த ஒரு வருஷம்தான் நரகம். 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், இருப்பதாக மதிப்பிட்டது. உங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் இதே கதவு சாத்தியிருக்கலாம். அம்மா கடைசியில் மளிகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், இஸ்திரி வண்டிக்காரர் எல்லாரிடமும் போய் “அவருக்கு மறதி நோய், தனியா பார்த்தா கூட்டிட்டு வந்துருங்க” என்று சொன்னார். அந்த இஸ்திரிக்காரர் இரண்டு தடவை அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறார்.

தட்டைக் காட்டிய பிறகு அம்மா வாதாடவே இல்லை. “உலை வச்சிருக்கேன், பத்து நிமிஷம்” என்பார், கையில் பாதி வாழைப்பழம் கொடுப்பார். அப்பா அடங்கிவிடுவார்.

நானும் கத்தியிருக்கிறேன். எதற்குக் கத்தினேன் என்பது அப்பாவுக்குப் பத்து நிமிஷத்தில் போய்விட்டது, ஆனால் சாயங்காலம் வரை ஒடுங்கியே உட்கார்ந்திருந்தார். நடந்தது போய்விடும், பயம் கொஞ்ச நேரம் தங்கும். அதேபோல் பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரிவிட்டால் அந்த இதமும் தங்கும், நாளைக்குச் செய்து பாருங்கள். ஒன்றரை வருஷம் ஒரு நாள்கூட மாற்றுக்கு ஆளில்லாமல் இருந்தால் யாருக்கும் குரல் உயரும். சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவு டிமென்ஷியாவுக்கென்றே இருக்கிறது. மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நாலு நாள் வந்து தங்கச் சொல்லுங்கள், பகலும் ராத்திரியும், அத்தை பக்கத்திலேயே படுக்கட்டும். அந்த நாலு நாளும் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.