இறக்குமதிச் சரக்கா?

கேள்வி: கம்யூனிசம் ரஷ்யாவிலிருந்து இறங்கிய சரக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் நாலு படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்தது. அதற்கும் எங்கள் வட சென்னைக்கும் என்ன சம்பந்தம்? (ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: பெயர் வெளியூர்ச் சரக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1920-இல் வங்கத்துப் புரட்சிக்காரர் எம்.என்.ராய் சோவியத் பக்கத்து டாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி என்று ஒன்றை ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1918 ஏப்ரலில், உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் வந்துவிட்டது. ஆரம்பித்தவர்கள் போல்ஷெவிக்குகளா, அதாவது ரஷ்யக் கம்யூனிஸ்டுகளா? செல்வபதி செட்டியார் கடைக்காரர், தலைவர் வாடியா பிரம்மஞான சபை அன்னி பெசன்ட் அம்மையாரின் ஆள். பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) துணி மில் தொழிலாளர்கள் அவர்களிடம் கொண்டுவந்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம். அதற்குள் வெளியே ஓடிவந்து, கை கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கேட்டைச் சாத்துவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். இதில் மார்க்ஸ் எங்கே வந்தார்?

மில் கம்பெனி என்ன செய்தது? வாடியா மேல் வழக்குப் போட்டு ஹைகோர்ட்டில் தடை வாங்கியது. சங்கம் வைத்தால் வழக்கு என்கிற இந்த நிலைமைதான், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த 1926 தொழிற்சங்கச் சட்டம் வரைக்கும் விஷயத்தை இழுத்துக்கொண்டு போனது. சாந்தமாகக் கேட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால் அடுத்து வருகிறவர் சிவப்புக் கொடியோடுதான் வருவார். வந்தார் சிங்காரவேலர், மீனவர் குடும்பத்து வக்கீல், 1923 மே முதல் தேதி ஹைகோர்ட் எதிரே கடற்கரையில் மே தினம் கொண்டாடியபோது அவருக்கு வயது 63 (நமக்கெல்லாம் அந்த வயதில் முட்டி வலி). 1925 டிசம்பரில் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரேதான். சரக்கு ரஷ்யாவிலிருந்தே வந்ததாக இருக்கட்டும், கடை விரித்தவர் நம் கடற்கரைக்காரர்.

சரி, குத்த வேண்டும் என்றால் வேறு இடத்தில் குத்தியிருக்கலாமே! 1921-இல் அதே மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மில்லுக்குத் திரும்பியதும் சண்டை சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் எப்படி இரண்டாகப் பிரிந்தார்கள், கம்பெனி அதில் எப்படிக் குளிர் காய்ந்தது, பின்னால் வந்த சிவப்புக்காரர்கள் அதிலிருந்து ஏதாவது கற்றார்களா? இதைக் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். புளியந்தோப்பிலிருந்து யாராவது எழுதுங்கள், இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.