வலியே இல்லாத கல்லுக்கு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 58. அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருகிறதே என்று ஸ்கேன் எடுத்ததில், இடது கிட்னியில் 4 செ.மீ. அளவுக்குக் கிளை விட்ட கல் இருப்பது தெரிந்தது. வலி துளிகூட இல்லை. முதுகில் துளை போட்டு எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வாழைத்தண்டு சாறு போதும், இல்லாவிட்டால் வெளியிலிருந்தே ஷாக் கொடுத்து உடைக்கலாம் என்கிறார்கள் உறவினர்கள். எதைக் கேட்பது?

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைக்கும் 6 மி.மீ. கல்தான் ஆளைப் புரட்டி எடுக்கும். கிட்னிக்குள்ளேயே வளரும் கல் பல வருஷம் சத்தம் காட்டாது. அதற்குள் கிட்னியின் செயல்திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும்.

இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. புரோட்டியஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்துக் காரத்தன்மையைக் கூட்டும். அப்போது மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் படிந்து, கிட்னியின் குழிகளுக்குள் எல்லாம் கிளை பரப்பும். கிருமி அந்தக் கல்லுக்குள்ளேயே குடியிருக்கும். ஆன்டிபயாடிக்கில் காய்ச்சல் அடங்கும், கிருமி ஒழியாது. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அதைச் சுற்றி மறுபடி வளரலாம். அம்மாவுடையது இந்த வகையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது; எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினால் உறுதியாகிவிடும்.

மருந்தில் நன்றாகக் கரைவது யூரிக் ஆசிட் கல்தான். வாழைத்தண்டைக் கூட்டு வைத்துச் சாப்பிடட்டும், கல் கரையும் என்று காத்திருக்க வேண்டாம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால், சாற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும் ஆபத்து உண்டு. சாறாகக் கொடுக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

ஷாக் வேவ் சிகிச்சை பொதுவாக 2 செ.மீ.க்கு உட்பட்ட கல்லுக்கு. இவ்வளவு பெரிய கல்லை அப்படி உடைத்தால், துண்டுகள் வரிசையாக இறங்கிச் சிறுநீர்க் குழாயையே அடைத்துவிடலாம். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு உடைக்கும் லேசரில் தழும்பு இருக்காது. ஆனால் இந்த அளவுக்குப் பல சிட்டிங் ஆகலாம்.

உங்கள் டாக்டர் சொல்வது பி.சி.என்.எல். 1976 முதல் இருக்கும் முறை. சுமார் 1 செ.மீ. துளை வழியாகக் கருவியை விட்டு, கல்லை உடைத்து வெளியே எடுப்பார்கள். ரத்தக்கசிவு, ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல் இரண்டும்தான் முக்கிய அபாயங்கள். சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கிளை விட்ட கல் என்பதால் இரண்டாவது துளையோ இரண்டாவது சிட்டிங்கோ தேவைப்படலாம். அதை டாக்டரின் தோல்வியாக நினைக்காதீர்கள்.

தேதி குறிக்கும் முன் யூரின் கல்ச்சர் கட்டாயம். கிருமி இருந்தால் அதற்கேற்ற ஆன்டிபயாடிக் முதலில். சி.டி. ஸ்கேனும், இடது கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரீனல் ஸ்கேனும் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செலவு யோசனையாக இருந்தால், விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள அரசு நெஃப்ரோ யூராலஜி இன்ஸ்டிட்யூட்டில் விசாரிக்கலாம்.

இதற்கிடையே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், இரவானாலும் எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள். அப்புறம், ஆபரேஷனில் உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் (கிட்னியிலிருந்து சிறுநீர் தடையில்லாமல் இறங்கத் தற்காலிகமாக வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தால், அதை எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறந்துபோன ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து வருகிறவர்கள் உண்டு.