பதற்ற மாத்திரையோடு எதைச் சேர்க்கக் கூடாது? – கேள்வி பதில்

இராமநாதபுரத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். மனப்பதற்றத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு.

பாம்பன்: அண்ணா, என் தம்பி விசைப்படகில் போகிறான். கைதாகிவிடுவோமோ என்ற பயத்தில் தூக்கமில்லை. இரவுக்கு அல்பிரசோலம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே சளி மாத்திரையும் போடலாமா?

கேட்காமல் போட வேண்டாம், தங்கச்சி. சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள குளோர்ஃபெனிரமினும் தூக்கம் தரும். இரவு ஒன்பதுக்குப் போட்ட அல்பிரசோலத்தில் ஏறக்குறைய பாதி, காலை எட்டுக்கும் உடம்பில் நிற்கும். அந்த மந்தத்தோடு சுக்கான் பிடிக்கக் கூடாது, வலை இழுக்கும் விஞ்சில் கை வைக்கக் கூடாது. வேலைக்குப் போகும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மது ஒரு வாய்கூட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

கீழக்கரை: உம்மாவுக்கு 66 வயது. மூன்று ஆண்டாக அல்பிரசோலம் எடுக்கிறார். படர்தாமரைக்கு இட்ரகோனசோல் தொடங்கியதிலிருந்து தள்ளாடுகிறார், பேச்சும் குழறுகிறது.

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. அல்பிரசோலத்தைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இட்ரகோனசோல் முடக்கிவிடும். மாத்திரை அதே ஒன்றுதான். இரத்தத்தில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையும் அப்படியே. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கிலும் கவனம் தேவை. தோல் மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டியிருக்க மாட்டீர்கள். பலரும் 'அது வேறு வியாதி' என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த இட்ரகோனசோலைக் கொடுக்குமுன் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சுக் குழறலுக்கு வேறு காரணம் உண்டா என்றும் அவர் பார்க்க வேண்டும். அல்பிரசோலத்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இரவில் தனியாக நடக்க விடாதீர்கள்; எழுப்பியும் எழாவிட்டால் உடனே 108.

தொண்டி: எஸ்சிட்டலோபிராம் எடுத்து எட்டு நாள், பலன் இல்லை. வலை இழுத்த இடுப்பு வலிக்கு டிரமடால் போடலாமா?

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். பொறுத்திருங்கள், தம்பி. டிரமடால் வேண்டாம்: இரண்டும் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டுவதால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம், வலிப்புவரை போகலாம். இன்னொரு வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். கல்லீரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் போதும்.

மண்டபம்: நான்கு மாதம் எடுத்த குளோனசிபாமை மூன்று நாள் முன் நிறுத்தினேன். கை நடுங்குகிறது. அடிமையாகிவிட்டேனா?

உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான், உங்கள் குற்றமில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இன்றே மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்.

ஏர்வாடி: படபடப்புக்கு எனக்குக் கொடுத்த புரொப்ரனலாலைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அவருக்கு ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழல் இறுகிவிடும். மருத்துவரிடம் போக அவர் தயங்கினால், முதலில் 14416-க்கு அழைக்கச் சொல்லுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.