தம்பியின் கடனுக்குப் பிணை நிற்கும் அக்காவின் பொறுப்பு எதுவரை?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “எனது தம்பி கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம் தொடங்குவதற்காக வங்கியொன்றில் 25 இலட்சம் ரூபா கடன் கேட்டுள்ளார். என்னையும் அவருடைய நண்பர் ஒருவரையும் பிணையாளர்களாகக் கையொப்பமிடச் சொல்கிறார்கள். ‘சும்மா ஒரு கையெழுத்துத்தான் அக்கா, கட்டப்போவது நான்தானே’ என்கிறார் தம்பி. அவர் கட்டத் தவறினால் என்னிடம் எவ்வளவு கேட்கலாம்? அடுத்த ஆண்டு நானும் வீட்டுக் கடன் எடுக்க எண்ணியுள்ளேன்.”

தம்பி சொல்வதில் பொய் இல்லை, ஆனால் சட்டம் அந்தக் கையெழுத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. பிணை என்பது ‘இவர் நல்லவர்’ என்று நீங்கள் கொடுக்கும் நற்சான்றிதழ் அன்று. அவர் செலுத்தாவிட்டால் நான் செலுத்துவேன் என்று வங்கிக்கு நீங்கள் தனியே எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கை. இன்னொருவருடைய கடனுக்குப் பொறுப்பேற்கும் வாக்குறுதி எழுத்தில் இருந்து, பொறுப்பேற்பவர் அதில் கையொப்பமிட்டிருந்தால்தான் செல்லும் என்கிறது இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆகவே நேற்று வீட்டு விறாந்தையில் வாய்வார்த்தையாகச் சொன்ன ‘நான் இருக்கிறேன்’ உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. நாளை வங்கியில் இடும் கையொப்பம் கட்டுப்படுத்தும்.

அந்தப் பத்திரத்தை மேசையில் வைக்கும்போது கையொப்பமிட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். நம்மில் பெரும்பாலானோர் அந்தக் குறிகளை மட்டுமே பார்க்கிறோம். நீங்கள் பார்க்க வேண்டியது நடுப்பக்கங்களில் இருக்கும் ஒரு நீண்ட வாக்கியத்தை. நமது நாட்டில் பிணைக்கு அடிப்படையாக உள்ள உரோம-டச்சுச் சட்டம் பிணையாளருக்குச் சில பாதுகாப்புகளை வழங்கியிருக்கிறது. முதலில் கடன் பெற்றவரிடமும் அவருடைய சொத்துகளிலும் அறவிட முயன்ற பின்னரே என்னிடம் வா என்று கேட்கும் உரிமை ஒன்று. பிணையாளர்கள் இருவர் இருந்தால் என் பங்கை மட்டும் கேள் என்று சொல்லும் உரிமை இன்னொன்று. நான் செலுத்தினால் கடனாளிக்கு எதிராக உனக்கிருக்கும் உரிமைகளை எனக்கு மாற்றித் தா என்று கோரும் உரிமை மூன்றாவது. ‘பெனிபீசியம்’ என்று தொடங்கும் இலத்தீன் சொற்கள் உங்கள் பத்திரத்தில் தென்பட்டால், அவை இவற்றைத்தான் குறிக்கின்றன. ஆனால் அவற்றை உங்களுக்கு வழங்குவதற்காக அங்கே எழுதவில்லை. ‘இவ்வுரிமைகளின் தன்மையை அறிந்து அவற்றைக் கைவிடுகிறேன்’ என்று உங்களைக் கொண்டே சொல்ல வைப்பதற்காக எழுதியிருக்கிறார்கள். அத்துடன் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற தொடரும் சேர்ந்துவிட்டால், நீங்கள் ஏறத்தாழக் கடன் பெற்றவரின் நிலையிலேயே நிற்கிறீர்கள்.

இது பணமாக எப்படி வரும் என்று பாருங்கள். தம்பி சில காலம் தவணை கட்டிய பின் தொழில் படுத்துவிடுகிறது; முதல் தொகையில் 18 இலட்சம் ரூபா நிலுவை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் வட்டி, தாமத வட்டி, வழக்குச் செலவு சேரும். பங்கு பிரிக்கும் உரிமையைக் கைவிட்டிருந்தால், ‘நாங்கள் இருவர், ஆகவே எனக்கு 9 இலட்சம்’ என்று நீங்கள் வங்கியிடம் சொல்ல முடியாது. முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம், நிலையான வேலையும் மாதச் சம்பளமும் உள்ளவரையே முதலில் தேடுவது இயல்பு. முழுவதையும் நீங்கள் செலுத்திய பின், தம்பியிடம் எல்லாவற்றையும் மீளக் கோரவும், மற்றப் பிணையாளரிடம் அவருடைய பாதியைக் கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு. சொந்தத் தம்பிக்கு எதிராக வழக்கிட எத்தனை அக்காமார் துணிவார்கள் என்பது சட்டப் புத்தகத்துக்கு வெளியேயுள்ள கேள்வி. அப்படிச் செலுத்த நேர்ந்தால் பணத்தைத் தம்பியின் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே வைப்பிட்டு, பிணையாளர் என்ற முறையில் செலுத்தியதாகப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

வழக்கு வந்தால் அது வேகமாக நகரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் வங்கிகள் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் வழக்கிடலாம். நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனையுடனான தீர்ப்பாணை ஒன்றை வழங்கிவிடும். குறித்த திகதியில் நீங்கள் தோன்றி, சத்தியக்கடதாசி மூலம் உண்மையான எதிர்வாதம் இருப்பதைக் காட்டி, எதிர்த்து வாதாட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறாவிட்டால் அந்தத் தீர்ப்பாணையே முடிவானதாகிவிடும். ‘வாசிக்காமல் கையொப்பமிட்டேன்’, ‘ஆங்கிலம் விளங்கவில்லை’ என்பவை வலுவான எதிர்வாதங்களாக அபூர்வமாகவே ஏற்கப்படுகின்றன. அதேவேளை, யார் மீது முதலில் நடவடிக்கை எடுக்கலாம் என்பது கடன் தொகையையும், கடன் கொடுத்த நிறுவனத்தின் வகையையும், அப்போது நடைமுறையிலுள்ள சட்டத் திருத்தங்களையும் பொறுத்து மாறக்கூடும் என்பதால், வங்கியின் கோரிக்கைக் கடிதம் கிடைத்த அன்றே அதை ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு செல்லுங்கள். புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிணைக்கு மேலதிகமாகக் கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பிணைப் பணத்தைச் செலுத்தாமை குடியியல் விடயம் மட்டுமே, ஆனால் கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை வழங்குவது மேற்சொன்ன கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றமாகலாம். உங்கள் வீட்டு உறுதியைக் கேட்டாலும் அது வேறு விடயம்: அங்கே நீங்கள் பிணை நிற்பதோடு சொத்தையும் ஈடு வைக்கிறீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், குறித்த ஒரு தொகைக்கு மேற்பட்ட கடன்களுக்கு ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்குகிறது. கடன் பெறாத மூன்றாமவர் ஈடு வைத்த சொத்துக்கும் அது பொருந்துமா என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய பிணக்கின் நடுவே உங்கள் வீடு நிற்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக் கடனைப் பற்றிய கேள்விதான் நடைமுறையில் முதலில் உறைக்கும். கடன் தகவல் பணியகம், அதாவது நாம் ‘கிரிப்’ என்று சொல்லும் நிறுவனம், நீங்கள் பெற்ற கடன்களுடன் நீங்கள் பிணை நின்ற கடன்களையும் உங்கள் அறிக்கையில் காட்டுகிறது. தம்பி ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும் உங்கள் கடன் தாங்கும் அளவை மதிப்பிடும் வங்கி அந்தப் பொறுப்பைக் கணக்கில் எடுக்கலாம். அவர் தவறினால் அந்தக் கறை உங்கள் அறிக்கையிலும் தெரியும். எனவே இரண்டில் எது முந்த வேண்டும் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். என் எண்ணத்தில், வீட்டுக் கடன் விண்ணப்பத்தை முதலில் முடித்துவிட்டுப் பிணையைப் பற்றிப் பேசுவது நல்லது. வங்கி விண்ணப்பத்தில் கேட்டால் எண்ணியுள்ள பிணையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிணை நிற்பதென்றே முடிவு செய்தால், கையொப்பமிடும் முன் பேரம் பேச இடமுண்டு. ‘கடனாளி இப்போதும் இனியும் பெறும் எல்லாக் கடன்களுக்கும்’ என்ற சொற்கள் இருந்தால், அவற்றை நீக்கி இந்த 25 இலட்சம் ரூபாக் கடனுக்கு மட்டும் என்று எழுதுமாறும், உங்கள் பொறுப்புக்கு ஓர் உச்சத் தொகையைக் குறிக்குமாறும் கேளுங்கள். தவணையை நீட்டினாலும் வட்டியை மாற்றினாலும் பிணை தொடரும் என்ற வாசகத்துக்கும் கவனம் தேவை: அது இல்லாவிட்டால் உங்கள் சம்மதமின்றிச் செய்த முக்கிய மாற்றம் உங்களை விடுவிக்கக்கூடும், இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். தம்பி ஒரு தவணை தவறினாலே உங்களுக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு கோருங்கள். கடனுக்கு அவருடைய ஆயுள் காப்புறுதி இணைக்கப்பட்டுள்ளதா என்று விசாரியுங்கள். நீங்கள் இறந்தாலும் உங்கள் மரணச் சொத்திலிருந்து கோரிக்கை எழலாம் என்பதால் வீட்டாருக்கும் இந்தப் பிணை தெரிந்திருக்க வேண்டும். தமிழில் விளக்கமும், கையொப்பமிட்ட பத்திரத்தின் பிரதியும் கேட்டுப் பெறுங்கள்.

கடன் பணம் கைமாறிய பின், மனம் மாறிவிட்டது என்று கடிதம் எழுதி விலக முடியாது. வங்கி இணங்கி, உங்களுக்குப் பதிலாக ஒருவரை ஏற்றுக்கொண்டால் மட்டுமே விலகலாம். தம்பி கடைசித் தவணையைச் செலுத்தும் நாளில் அவரோடு வங்கிக்குச் சென்று, பிணையிலிருந்து விடுவித்த கடிதத்தை உங்கள் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள். சில வாரங்கள் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் தீர்க்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளதா என்று சரிபாருங்கள்.