சாலிட்டான் ஆராய்ச்சிக்குப் போனால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் உங்கள் மகள், படிகங்களின் அணுச் சங்கிலிகளில் உருவாகும் சாலிட்டான்களையும் குறைபாடுகளையும் கணினியில் மாதிரியாக்கும் பிஎச்.டி.யில் சேர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். "கேள்விப்படாத படிப்பாக இருக்கிறதே" என்ற உங்கள் பயம் நியாயமானதுதான்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரேயடியாக இழுப்பது கஷ்டம். ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி அதைத் தள்ளிக்கொண்டே போனால் முழு விரிப்பும் சுலபமாக நகர்ந்துவிடும். படிகத்தில் அணு வரிசைகளும் இப்படித்தான் நகர்கின்றன. அந்த மடிப்புதான் குறைபாடு; உருக்குலையாமல் ஓடினால் சாலிட்டான். 1938-இல் சோவியத் இயற்பியலாளர்கள் பிரெங்கெலும் கோன்டொரோவாவும் இதற்கு ஓர் எளிய மாதிரியைத் தந்தார்கள்: ஸ்பிரிங்கால் கோத்த அணு வரிசை, அதன் அடியில் மேடுபள்ளமான தளம்.

நாம் அன்றாடம் புழங்கும் பாலித்தீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படிகப் பகுதிகளில் நீளமான கார்பன் சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும். சங்கிலிக்குள் பிணைப்பு வலுவானது, சங்கிலிகளுக்கிடையே ஈர்ப்பு மிகவும் குறைவு. அதனால் ஒரு சங்கிலியில் விழுந்த முறுக்கு பல அணுக்களுக்குப் பரவி, லேசாக வழுக்கிப் போகும். பக்கத்துச் சங்கிலிகளும் அசைவதைக் கணக்கில் எடுக்கும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. ஆராய்ச்சிக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

சரி, வருமானம்? "சாலிட்டான் நிபுணர் தேவை" என்று யாரும் விளம்பரம் கொடுக்கப்போவதில்லை. ஆனால் இந்தப் படிப்பில் எண்முறைக் கணிப்பு, சி++, பைத்தான், லாம்ப்ஸ் போன்ற மூலக்கூறு இயக்க மென்பொருள் எல்லாம் கைவந்துவிடும். பாலிமர், பேட்டரிப் பொருள் ஆய்வுக்கும், கணிப்பு சார்ந்த மென்பொருள் வேலைக்கும் அவை உதவும். தலைப்பைவிட இந்தத் திறமைகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஐந்து வருடம்கூட ஆகலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் கைக்காசைப் போட்டுச் சேர வேண்டாம் என்பது என் கருத்து. சாலிட்டான்களை ஆராயும் நேரியலற்ற இயக்கவியல் துறைக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன் மகள் ஒரு சின்னச் சோதனை செய்துபார்க்கட்டும். வட்டமாக மூடிய வரிசையில் 99 பள்ளங்கள், 100 அணுக்கள் என்று ஒரு நிரல் எழுதட்டும். மிச்சமாகும் அந்த ஓர் அணுதான் மடிப்பை உண்டாக்கும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் மடிப்பு அகலமாகி எளிதாக நகரும். தளர்த்தினால் குறுகி, ஓர் இடத்தில் சிக்கி நிற்கும். ஏன் சிக்குகிறது என்று அவரே ராத்திரி உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தால், தடுக்காதீர்கள் அம்மா. நிரல் எழுதுவதே அலுப்பாக இருந்தால் வேறு துறை பார்க்கலாம்.

அப்புறம், ஆராய்ச்சிக்கு வழிகாட்டப்போகும் கைடிடம் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது மகள் பேச வேண்டும்: எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று. பழைய மாணவர்களின் விவரம் தரக் கைடு தயங்கினால், வேறு கைடைத் தேடச் சொல்லுங்கள்.